சாமியாடிய டர்போ

சிவப்பு விளக்கில் நின்ற கார் சாமியாடத் தொடங்கியது.

முதலில் ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. அப்புறம் இருக்கை. அப்புறம் பின்னால் அடுக்கியிருந்த முந்நூறு தாம்பூலப் பைகளும் ஒரே நேரத்தில் சலசலத்தன. ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று விட்டுவிட்டுக் கண்ணடித்தது.

"என்னங்க, காடி ஏன் இப்படி ஆடுது?" குமுதா கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னா கொஞ்சம் ஆடும். டர்போ காடி அப்படித்தான்."

"பக்கத்துல ஒரு காய்கறி வேன் நிக்குது. இருபது வயசு இருக்கும். அது ஆடலியே?"

யுகேந்திரன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவர் சுபாவத்திலேயே கிடையாது என்பதால், குமுதாவுக்கு அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது.

ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இருபத்தாறு வருடமாக அறிவியல் ஆய்வுக்கூட உதவியாளர் அவர். குக்கர் விசில் அடித்தால் ஏன் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பழைய டர்போ காரை வாங்கியதிலிருந்து, பூந்தோங்கில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்த எவரும் டர்போ என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போனதில்லை.

"மத்த காடியில புகை சும்மா வெளிய போயிரும். இதுல, போற போக்குல ஒரு விசிறியைச் சுத்திட்டுப் போவும். அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுத்தும். அது வெளிக்காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து அதிகமானா பெட்ரோல் அதிகமா எரியும், பலம் கூடும். விட்டெறியிற மூச்சுலயே வேலை வாங்குறான் பாருங்க!" என்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகள் தினேஸ்வரிக்குக் கல்யாணம். மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் தெலுக் இந்தானில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். சேலை, நகை, மண்டபம் எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் காடியா இருந்தாலும் பரவால்லப்பா. நீங்கதான் ஓட்டணும்."

இந்தக் கார் ஓடாவிட்டால் இருப்பது குமுதாவின் தம்பி தனேஸ்வரனின் பிக்கப். பெரியது, கறுப்பு, முகம் பார்க்கலாம். அதன் ஸ்டீயரிங்கைக் கட்டின பெண்டாட்டியையே அவன் தொட விட்டதில்லை. ஆகவே பிக்கப் என்றால் தனேஸ்வரன்தான் ஓட்டுவான். பெண்ணைப் பெற்றவர் பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு சீர்ச்சாமான் வேனில் பின்னால் வர வேண்டியதுதான்.

யுகேந்திரன் வழக்கமாகக் காரைப் பழுதுபார்க்கும் பெங்கெலுக்குப் போன் போட்டார்.

"இந்த வாரம் காடி வைக்க இடமே இல்லலா அங்கிள். அடுத்த புதன் கொண்டாங்க."

"அடுத்த புதனா!" என்று அவர் வருத்தமாகச் சொன்னார். வருத்தம் முகத்தில் மட்டும்தான் இருந்தது. போனை வைத்ததும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டு முகப்பில் காரின் பானட்டைத் திறந்து, இணையத்தில் வாங்கிய உள்ளங்கை அளவு ஸ்கேனரை மாட்டினார். இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அது சொன்னது. தினேஸ்வரி மருதாணிக் கையைக் காற்றில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னாச்சுப்பா?"

கேட்டிருக்க வேண்டாம்.

"நாலு பேரு சப்பரம் தூக்கிட்டுப் போறாங்கன்னு வச்சுக்க. நாலு பேரும் ஒரே தாளத்துல காலை வச்சா சாமி ஆடாம அசையாம போவும். ரெண்டாவது ஆளு மட்டும் அப்பப்ப தடுக்கினா? சப்பரம் குலுங்கும். அதான் இப்ப நம்ம காடி. இப்ப கேள்வி என்னன்னா, தடுக்குறது ஆளோட கால் கோளாறா, இல்ல போட்டிருக்கிற செருப்பு கோளாறா?"

"செருப்பா?"

"ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேல ஒரு காயில் இருக்கு. அதுதான் ப்ளக்குக்குப் பெரிய கரண்ட் குடுக்கும். அதைத்தான் செருப்புன்னு சொல்றேன். ரெண்டாவது ஆளோட செருப்பைக் கழட்டி மூணாவது ஆளுக்குப் போடறேன். இப்ப மூணாவது ஆளு தடுக்கினா, குத்தம் செருப்புலதானே? அஞ்சு காசு செலவில்லாத சோதனை!"

மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். ஸ்கேனர் மூன்றாவது சிலிண்டர் என்றது. யுகேந்திரன் முகப்பிலேயே ஒரு குதி குதித்தார். மருதாணி கலையாமல் மகளும் பாதிக் குதி குதித்தாள்.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புதன்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் புதிய காயில் ஒன்று வாங்கினார். கடைக்காரர் கேட்காமலேயே கூடவே நான்கு ப்ளக்குகளும் வாங்கினார். ப்ளக்கின் முனையில் இரண்டு உலோக நுனிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் இடைவெளியைத் தாண்டித்தான் தீப்பொறி பாயும். புதிய ப்ளக்குகளில் அந்த இடைவெளி அவர் கண்ணுக்கு மிகவும் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. வாலிபத்தில் அவர் ஓட்டிய கப்சாய் என்ற சின்ன மோட்டோ சைக்கிளில் கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்கு வைப்பார். அது கேமரன் மலை வரைக்கும் ஏறியிருக்கிறது.

"பொறி பெருசா இருந்தாதானே நெருப்பு நல்லா புடிக்கும்" என்று தனக்கே விளக்கிக்கொண்டு, நான்கையும் நகம் நுழையும் அளவுக்கு அகட்டி மாட்டினார்.

கார் பூனை மாதிரி நின்றது. எஞ்சின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்தார். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பார்க்க வந்த தனேஸ்வரன் குவளையைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"நிக்கும்போது நல்லாதான் இருக்கு மச்சான். கல்யாணத்தன்னைக்கு நின்னுக்கிட்டேவா தெலுக் இந்தான் போகப் போறீங்க?"

"நாளைக்குப் பூ எடுக்கக் கேமரன் மலைக்கே போறேன். போயிட்டு வந்து பேசிக்கிறேன்."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் குமுதாவோடு கிளம்பினார். சிம்பாங் பூலாய் தாண்டி மலைச் சாலை தொடங்கும் வரை கார் வழுக்கிக்கொண்டு போனது. முதல் மேட்டில் யுகேந்திரன் அழுத்தினார். கார் "க்கும்" என்றது. இன்னும் அழுத்தினார். "க்கும், க்கும், க்கும்." காலை எடுத்தால் சரியாகிவிட்டது. அழுத்தினால் இருமியது. முட்டைக்கோசு ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று முந்தியது. அதன் பின்னால் சைக்கிள் கூட்டம் ஒன்று முந்தியது. அதில் கடைசியாகப் போனவர் தலைநரைத்த சீனர், போகிற போக்கில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "போலே, போலே!" என்று, முடியும் முடியும் என மலாயில் உற்சாகப்படுத்தினார்.

பாதி வழியில் திரும்பினார்கள். மலையில் சொல்லி வைத்திருந்த பூவைக் காய்கறி லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பச் சொல்லிப் போன் பண்ணியாயிற்று. வீட்டு வாசலில் இறங்கியதும் குமுதா ஆரம்பித்தாள்.

"காடி வாங்கி எட்டு மாசம் ஆவுது. முனியாண்டிகிட்ட கொண்டு போய் ஒரு எலுமிச்சம்பழம் நசுக்குனீங்களா?"

"எலுமிச்சம்பழத்துல கரண்டு எடுக்கலாம் குமுதா, ஸ்கூல்ல செஞ்சு காட்டியிருக்கேன். ஆனா காடி ஓட்ட முடியாது."

"தனேசு பிக்கப் வாங்கின அன்னைக்கே கொண்டு போனான். அது இருமுதா?"

பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார், பள்ளித் தலைமையாசிரியர் உட்பட எல்லாரும் புதுக் காரை முதலில் கோயிலுக்குத்தான் ஓட்டிப் போயிருந்தார்கள். "போவோம்லா" என்றார் யுகேந்திரன், தோற்ற குரலில்.

முனியாண்டி கோயில் கோப்பெங் பக்கத்தில், குமுதா பிறந்த தோட்டத்தில் இருந்தது. கித்தா என்ற ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கோயில் மட்டும் அதே செம்மண் மேட்டில் அப்படியே நின்றது. பூசாரி பிச்சைமுத்து வெள்ளி சாயங்காலமும் சனி, ஞாயிறும்தான் நடை திறப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர். யார் என்ன சொன்னாலும் "சரிங்கண்ணே" என்பார்.

வெள்ளிக்கிழமை கார் அந்த மேட்டில் "க்கும், க்கும்" என்று ஏறி வந்தபோது அவர் மணியடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் கை நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

"அருள் வந்துருச்சு" என்று குமுதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூசாரி கண்ணைத் திறந்து இறங்கி வந்தார். "மேட்டுல மட்டுமாண்ணே, மட்டத்துலயும் இருக்கா?"

"மேட்டுல மட்டும்தான். அழுத்தினாதான் வருது."

"பாத்தீங்களா?" குமுதா கணவர் காதில் கிசுகிசுத்தாள். "மேட்டுல ஏதோ நிக்குது. அவருக்குத் தெரியுது."

பாவம், பூசாரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று யுகேந்திரனுக்கு இரக்கமாக இருந்தது. ஆகவே விளக்கினார். எஞ்சினுக்குள் நான்கு அறைகள் இருப்பதில் தொடங்கி, பெட்ரோலும் காற்றும் கலப்பது, பொறி விழுவது, புகை போய் விசிறியைச் சுற்றுவது வரை, சப்பரத்தையும் செருப்பையும் விடாமல், பதினைந்து நிமிடம். பூசாரி கைகட்டிக் கேட்டார். சரியான இடங்களில் "சரிங்கண்ணே" போட்டார். பள்ளியில்கூட இப்படி ஒரு மாணவன் கிடைத்ததில்லை.

பிறகு பூசாரி நான்கு சக்கரத்துக்கும் பொட்டு வைத்து, மூடிய பானட் மேல் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். யுகேந்திரனுக்குள் இருந்த ஆய்வுக்கூடக்காரர் விழித்துக்கொண்டார். ஒரு காரியத்தைச் செய்வதென்றால் முறையாகச் செய்ய வேண்டாமா? அவர் போய்ப் பானட்டைத் திறந்தார்.

"உள்ள வேணாம்ணே." பூசாரி அவ்வளவு வேகமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"சீக்கு உள்ள இருக்கு பூசாரி. மருந்தை வெளிய தடவினா எப்படிக் கேக்கும்?"

"இல்லண்ணே, உள்ள மட்டும்..."

"சாமிக்கு உள்ள வெளியன்னு இருக்கா?"

சொம்பை அவர் கையிலிருந்து வாங்கி, எஞ்சின் தலை மீது யுகேந்திரன் தாராளமாகக் கவிழ்த்தார். பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். குமுதாவும் மூடிக்கொண்டாள், அவள் கும்பிடுவதற்காக.

கார் ஸ்டார்ட் ஆனது. ஒரு குலுக்குக் குலுக்கியது. நான்கு பேர் தூக்கிய சப்பரத்தை இரண்டு பேரிடம் விட்டதுபோல் சரிந்து, விக்கி, மூச்சை விட்டது.

அரை மணி நேரத்தில் தனேஸ்வரன் பிக்கப்போடும் கயிற்றோடும் வந்தான். கயிற்றைக் கட்டும்போது பாட்டு முணுமுணுத்தான். கோப்பெங்கிலிருந்து பூந்தோங் வரை, பொட்டும் பூவும் வைத்த டர்போ கார் பிக்கப்பின் பின்னால் கோயில் மாடுபோல் நடந்து வந்தது. உள்ளே யுகேந்திரன் நேராகப் பார்த்தபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை வீடு நிறைய உறவினர். தென்னை ஓலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யுகேந்திரன் காயில்களைக் கழற்றினார். ப்ளக் உட்கார்ந்திருக்கும் நான்கு ஆழமான குழிகளிலும் மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றது, நான்கு கிண்ணம் ரசம் வைத்த மாதிரி.

"கரண்டு ஒரு சோம்பேறி" என்று தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு விளக்கினார். "ப்ளக் நுனியில காத்தைத் தாண்டிக் குதிக்கணும்னா அதுக்குக் கஷ்டம். பக்கத்துலயே தண்ணி இருந்தா அதுல இறங்கி நடந்து போயிரும். பொறியே விழாது."

தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தார். மிச்ச ஈரத்துக்கு வெப்பக் காற்று வேண்டும். வீட்டுக்குள் போய், மகளின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்தார். நாற்பது நிமிடம் நன்றாகத்தான் ஊதியது. அப்புறம் கருகல் வாடை வந்தது. அப்புறம் அது ஊதவில்லை.

"ப்பா!" தினேஸ்வரி ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். "நாளைக்கு என் தலைக்கு என்னப்பா செய்யிறது?"

யுகேந்திரன் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்றுகூட அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"போதும்" என்றாள் குமுதா. "இனிமே நீங்க எதையும் தொடக்கூடாது. தனேசு! பிக்கப்பைக் கழுவுடா."

"கழுவிட்டேன்க்கா." தனேஸ்வரன் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தான்.

தினேஸ்வரி சண்டை போடவில்லை. அப்பாவின் கையிலிருந்து கருவியை மெல்ல வாங்கிக்கொண்டு, "மாமா காடியிலயே போறேன்ப்பா. நீங்க வேன்ல பின்னால வாங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அவர் முகப்பில் தனியாக உட்கார்ந்து, சுற்றிக் கிடந்த குப்பையைப் பொறுக்க ஆரம்பித்தார். ப்ளக் வந்த அட்டைப் பெட்டியை நசுக்கப் போனபோது அதன் பக்கவாட்டில் எறும்பு வரிசைபோல் ஏதோ எழுதியிருப்பது தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இடைவெளி ஏற்கெனவே சரியாக வைக்கப்பட்டுள்ளது, டர்போ எஞ்சினுக்குப் புள்ளி ஏழு மில்லிமீட்டர், மாற்ற வேண்டாம்.

இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளிடம் அவர் சொல்லி வந்த முதல் பாடம் ஒன்றுதான்: புட்டியைத் திறப்பதற்கு முன்னால் மேலே எழுதியிருப்பதைப் படி.

"காத்து!" என்று கத்தினார். தோரணக்காரர் திடுக்கிட்டு ஓலையைப் போட்டார்.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. டர்போ காற்றை அமுக்கித் தள்ளுகிறது. சந்தை நாளில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவது எவ்வளவு சிரமமோ, அவ்வளவு சிரமம் நெரிசலான காற்றைத் தாண்டிப் பொறி பாய்வது. இடைவெளி சின்னதாக இருந்தால் எப்படியாவது தாண்டிவிடும். அகட்டி வைத்தால் முடியாது. மட்டமான சாலையில் நெரிசல் குறைவு, அதனால் இருமல் இல்லை. அழுத்தி ஏறும்போதுதான் நெரிசல், அப்போதுதான் இருமல். மேட்டில் நின்றது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. காற்று!

மோட்டோ கடைக்கு ஓடி, இடைவெளி அளக்கும் தகட்டை இரவல் வாங்கி வந்தார். நான்கு ப்ளக்கையும் கழற்றி, தட்டி, அளந்து, மறுபடி தட்டி, புள்ளி ஏழுக்குக் கொண்டு வந்தார். குழிகளைத் துடைத்து மாட்டினார். காயில்களை ஒவ்வொன்றாக உட்கார வைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"நலங்கு வைக்கணும், பொண்ணோட அப்பா எங்க?"

"வாரேன், வாரேன்!"

"வாரேனாம்! காலைலேருந்து இதையேதான் சொல்றாரு." இரண்டு பெண்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். கிரீஸ் கையோடு வரக்கூடாது என்று ஒருத்தி, நல்ல நேரம் போகிறது என்று இன்னொருத்தி. பானட்டை முழங்கையால் மூடிவிட்டுப் போனார். ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

அதே நேரத்தில் பிச்சைமுத்துப் பூசாரி பையோடு வந்து இறங்கினார். கல்யாணப் பெண்ணுக்குத் திருஷ்டி கழிக்க குமுதா வரச் சொல்லியிருந்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க, அந்தக் காடிக்கும் ஏதாவது செய்யுங்க சாமி. வெளிய மட்டும் போதும்."

"சரிங்கக்கா. எல்லாரும் உள்ள போங்க, நான் பாத்துக்கறேன்."

நலங்கு ஒரு மணி நேரம் நடந்தது. கன்னம் நிறைய மஞ்சளோடு யுகேந்திரன் வெளியே வந்தபோது சூடம் எரிந்து அடங்கியிருந்தது. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் இருந்தது. பூசாரி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துப் பாருங்கண்ணே."

மஞ்சள் முகத்தோடு யுகேந்திரன் ஏறினார். பக்கத்தில் குமுதா ஏறினாள். பழங்கள் நசுங்கின. கார் புறப்பட்டது. ஆடவில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது அழுத்தினார், இருமவில்லை. இன்னும் அழுத்தினார், டர்போ மெல்லிய விசிலோடு இருவரையும் இருக்கையோடு சேர்த்துத் தள்ளியது. காய்கறி லாரி ஒன்றை முந்தினார். தேவையில்லாமல் சுற்றிக்கொண்டு வந்து அதே லாரியை இன்னொரு தடவையும் முந்தினார்.

"இடைவெளி!" என்றார்.

"முனியாண்டி!" என்றாள் குமுதா.

"புள்ளி ஏழு மில்லிமீட்டர் குமுதா! பெட்டியிலயே போட்டிருக்கான்!"

"நாலு நாளா தட்டுனீங்க. ஓடுச்சா? அவரு ஒரு மணி நேரம் பூஜை போட்டாரு. ஓடுது."

"பூஜைக்கு முன்னாடியே நான் சரி பண்ணிட்டேன்!"

"பண்ணிட்டு ஓட்டிப் பாத்தீங்களா?"

"எங்க வுட்டீங்க!"

இந்த வழக்கு அன்று சாயங்காலம் முழுக்க நடந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பூ கட்டும்போது நடந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும்போது, சந்தனம் கொடுத்தபடி ஒருவரும் பன்னீர் தெளித்தபடி ஒருவரும் நடத்தினார்கள். மாப்பிள்ளையின் அப்பா அறிவியல் கட்சியில் சேர்ந்தார்; அவர் மனைவி முனியாண்டி கட்சி. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு வரிசையும் பிரிந்து நின்று பேசின. தனேஸ்வரன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல், பிக்கப்பில் கட்டிய ரிப்பனை அவிழ்த்து டர்போ காரில் கட்டினான்.

"கோணலா இருக்குடா" என்றார் யுகேந்திரன்.

"காடியே கோணல்தான் மச்சான்" என்றான் அவன். ஆனால் சரி செய்துதான் விட்டான்.

தினேஸ்வரியும் மாப்பிள்ளையும் பின் இருக்கையில் ஏறினார்கள். குமுதா முன்னால். யுகேந்திரன் பட்டு வேட்டியை மடித்துக்கொண்டு ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார். கண்ணாடியில் மகள் தெரிந்தாள். "ஓட்டுங்கப்பா" என்று சிரித்தாள். கொஞ்சம் அழுதிருந்தாள் என்பதும் தெரிந்தது. அவரும் அந்த ஒரு நிமிடம் எதையும் விளக்காமல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் தாலாட்டுபோல் ஓடியது.

பந்தியிலிருந்து வந்த பூசாரி பிச்சைமுத்து சக்கரங்களுக்குக் கீழே பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தார். குமுதா சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஒரு நிமிசம் சாமி. நீங்களே நியாயத்தைச் சொல்லிட்டுப் போங்க. இந்தக் காடிய ஓட வச்சது யாரு? இவரா, முனியாண்டியா?"

"அம்மா, நல்ல நேரம் போவுதும்மா" என்றாள் தினேஸ்வரி.

"நியாயம் தெரியாம நான் தெலுக் இந்தான் வரமாட்டேன்."

பூசாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காரைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் வந்தார். "காதைக் கொண்டாங்கண்ணே" என்றார். யுகேந்திரன் தலையைச் சாய்த்தார்.

"இடைவெளி சுத்தமா வச்சிருந்தீங்க. கழட்டி அளந்து பாத்தேன், நாலும் புள்ளி ஏழு. ஆனா ரெண்டாவது காயில்ல வயரைச் சொருகாமலே பானட்டை மூடிட்டுப் போயிட்டீங்க. அதைச் சொருகித்தான் சூடம் ஏத்தினேன்."

யுகேந்திரன் மெல்லத் திரும்பினார். பதினைந்து நிமிடம் கைகட்டிப் பாடம் கேட்ட அந்த முகத்தைப் புதிதாகப் பார்த்தார்.

"உங்களுக்கு... எப்படி?"

பூசாரி குமுதா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் குனிந்தார்.

"தஞ்சோங் மாலிம் கார் ஃபேக்டரியில பதினெட்டு வருசமா டர்போ எஞ்சினை டெஸ்ட் பண்ணி விடுறதுதாண்ணே என் வேலை, ஆனா அக்காகிட்ட முனியாண்டின்னே சொல்லிடுங்க, விசயம் வெளிய தெரிஞ்சா அடுத்த வாரத்துலேருந்து கோயிலுக்கு ஒருத்தரும் தேங்கா கொண்டுவர மாட்டாங்க, காடியத்தான் கொண்டுவருவாங்க."